டிக்கி வைச்ச சின்னக் கார்

போன வருசம் தர்மபுரத்தில் நான் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினேன். பின்னால் தனி டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் வகை. லண்டனிலிருந்து வந்த அக்கா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தா.

“எங்கட பக்கம் இப்பிடி வால் வைச்ச சின்னக் காரை ஒருத்தரும் வாங்கமாட்டினம். கிழடுகளின்ர கார் எண்டுவினம்.”

“இஞ்ச இதிலை போய் இறங்கினால் சம்பந்தி வீட்டார் எழும்பி நிப்பினம்,” என்றேன்.

அடுத்த நாள் அவாவை முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கருவாட்டைக் கண்டதும் அக்காவுக்குக் கை நிற்கவில்லை. மூன்று பெரிய பைகளை டிக்கிக்குள் அடைத்து மூடினேன். வெயில் கொளுத்தியதால் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு வந்தோம். புதுக்குடியிருப்பு தாண்டியதும் அக்கா மூக்கை உறிஞ்சிப் பார்த்தா.

“மணமே வரேல்லை! என்ர காரெண்டால் இவ்வளவும் முதுகுக்குப் பின்னாலதான் கிடக்கும்.”

“டிக்கி தனி அறை, அக்கா.”

போன கிழமை அவா லண்டனிலிருந்து போன் எடுத்தா. இப்படி ஒரு கார் தேடிக் கடை கடையாக அலைகிறாவாம். எதற்கு இந்த வகைதான் வேண்டும் என்று ஒரு விற்பனையாளர் கேட்டாராம். அக்காவுக்குப் பொய் வராது. அரை மணித்தியாலமாகக் கருவாட்டைப் பற்றியே விளக்கினாவாம். கார்தான் அந்தக் கடையில் இல்லை.