அக்காவின் விடைத்தாளை நான் படித்தது

எங்கள் ஊர் மெட்ராஸுக்குப் போகுமா, ஆந்திராவிலேயே இருக்குமா என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. போவதென்றால் ஊர் எப்படிப் போகும் என்பதுதான் என் கவலை. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் கிடந்த ஊர், மாந்தோப்பையும் கிணறுகளையும் தூக்கிக்கொண்டு எந்த வண்டியில் ஏறும்? கேட்டால் அடி விழும் என்று கேட்கவில்லை. ஊர் அப்படியே இருந்தது, பள்ளிக்கூடம்தான் மாறியது. அதுவரை தமிழில் நடந்த வகுப்புகள் ஒரு கோடை விடுமுறை முடிந்ததும் தெலுங்குக்குப் போய்விட்டன.

மூன்றாவது படித்த எனக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. எட்டாவது படித்த அக்காதான் மாட்டிக்கொண்டாள். சந்தையில் தெலுங்கு பேச அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எழுதச் சொன்னால் ஓர் எழுத்தும் வராது. புதிதாக வந்த இங்கிலீஷ் சார் எல்லாவற்றுக்கும் தெலுங்கிலேயே அர்த்தம் சொல்வார். அக்கா அந்தத் தெலுங்கை அப்படியே தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு வருவாள்.

அந்த வருஷத்துப் பாடம், இங்கிலீஷ் வினைச்சொற்களும் அவற்றின் வாலில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்களும். கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. சேர்த்தால் மேலே கொடு என்றுதானே வர வேண்டும்? வராதாம். கிவ் அப் என்றால் வதிலிபெட்டு, விட்டுவிடு. புட் என்றால் வை. ஆனால் புட் ஆஃப் என்றால் ஒத்திப்போடு, புட் அவுட் என்றால் அணை, புட் ஆன் என்றால் உடுத்திக்கொள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அக்கா இதையே ஒப்பித்துக்கொண்டிருந்ததால், ஒரு மண்ணும் புரியாமலே எனக்கும் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

முழுப்பரீட்சைக்கு முன்பே நைனா அவளிடம் சொல்லிவிட்டார்.

"பெயிலானா புஸ்தகத்தைக் கட்டி வெச்சுட்டு சத்தியவேட்டுக்குக் கெளம்பு."

சத்தியவேட்டில் அத்தை மகன் மாப்பிள்ளையாகத் தயாராக இருந்தான். அக்காவுக்கு அவனையும் பிடிக்காது, சத்தியவேட்டையும் பிடிக்காது.

இங்கிலீஷ் பரீட்சையில் இருபது வினைகளுக்குத் தெலுங்கில் அர்த்தம் கேட்டிருந்தார்கள். அக்கா என்ன செய்வாள்? நோட்டில் எழுதிய பழக்கத்திலேயே இருபதையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, அன்று சோறு துன்ன மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். அந்த இருபதும் போனால் பெயில்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மண்டையைப் பிளக்கும் வெயிலில், இங்கிலீஷ் சார் விடைத்தாளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்த நைனாவுக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்தார். தமக்குத் தமிழ் படிக்க வராது, யாராவது படித்துக் காட்டினால் கேட்டு மார்க் போடலாம் என்றார். அக்கா கையை நீட்டினாள். எழுதினவளே படித்தால் மாற்றிப் படிப்பாள் என்று சொல்லி, சார் என்னைக் கூப்பிட்டார். அக்கா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

பரீட்சை எழுதியது அக்கா. இப்போது பதில் சொல்வது நான். பெயிலானால் சத்தியவேட்டுக்குப் போவது யார்? அதைக் கேட்கவும் தைரியம் இல்லாமல், கட்டிலில் விரித்திருந்த தாளின்மேல் குனிந்தேன்.

சார் இங்கிலீஷைச் சொல்வார். நான் தெலுங்கைப் படிப்பேன். அவர் பென்சிலால் ஒரு சரி போடுவார். சந்தைக்குப் போய்வரும் நைனாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. ஐந்தாவது பதிலில் கயிறு திரித்த கை நின்றுவிட்டது. புட் வரிசை முடிந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"இன்னா சாரு இது! மாடு ஒண்ணுதான், ஜோடி மாத்திக் கட்னா வேற வேற பக்கம் போவுதே!"

"அந்தே, அந்தே!" என்று சார் சிரித்தார், அவ்வளவுதான் விஷயம் என்று.

அடுத்தது லுக் ஆஃப்டர். அக்கா 'வெனக்க சூடு' என்று எழுதியிருந்தாள், பின்னால் பார். புத்தியுள்ள யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அவள் ஒப்பித்தபோது சொன்னது வேறு என்று எனக்கு ஞாபகம் இருந்தது. தாளைப் பார்க்காமல், "சூசுகொனு" என்றேன், பார்த்துக்கொள்.

பென்சில் நின்றது. சார் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அதுல அப்டி இல்லியே, பாப்பா. இருக்கறதைப் படி."

தாளில் உள்ளதைப் படித்தேன். தப்பு என்று போட்டார். என்னால்தான் அக்கா சத்தியவேட்டுக்குப் போகப் போகிறாள் என்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டே மிச்சத்தையும் படித்தேன். மொத்தத்தில் இரண்டுதான் தப்பு.

நைனா கயிற்றைக் கீழே வைத்தார். "ஒம்பதாவது புஸ்தகம் புத்தூர்லயே கெடைக்குமா சாரு, திருப்பதிக்குப் போவணுமா?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் அக்கா விம்முவது கேட்டது. பாஸானவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

அதைவிடப் பெரிய குழப்பம் சாரைப் பற்றியது. தமிழ் படிக்கத் தெரியாதவர் என் பொய்யை எப்படிப் பிடித்தார்? இங்கிலீஷ் முழுக்கப் படித்துவிட்டால் அடுத்தவர் மனதில் இருப்பது தெரியும் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு அவர் எதிரே வந்தால், எதையும் நினைக்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

எல்லை முடிவானபோது எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அக்கா மேலே படித்துத் திருப்பதியில் இங்கிலீஷ் டீச்சரானாள். அவளைப் பார்க்கப் போன ஒருமுறை, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் சாரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. மடியில் தமிழ்ப் பத்திரிகையை விரித்து, உதடு கூட அசையாமல், மளமளவென்று பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

போய்ப் பேசலாம் என்று எடுத்து வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது. அன்று வேப்பமரத்தடியில், ஒவ்வொரு பதிலையும் நான் படித்து முடித்ததும், படித்த என்னை விட்டுவிட்டு அவர் நிமிர்ந்து நைனாவின் முகத்தைத்தான் பார்த்தார். அவருக்கு மாறுகண் என்றுதான் நான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.