கேப்டன் போர்டும் குலசாமி மொட்டையும்

குலசாமி கும்பிட வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவும். கடந்த மாசியில் அமெரிக்காவிலிருந்து அக்கா தன் மகனோடு வந்தாள். மகன் அரவிந்துக்குப் பத்தொன்பது வயது. போன வருடம் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவன். அதற்கு அடுத்த மாதம் போர் நடக்கும் இடத்துக்கு அனுப்புவதாக இருந்தது. அதற்குள் அவனுக்கு மொட்டை போட வேண்டும் என்று அக்காவுக்கு நேர்த்திக்கடன். தாய்மாமன் நான் இல்லாமல் மொட்டையா? கிளம்பிவிட்டேன்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் நூறு கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து நாகல் நகருக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய் கேட்பார்கள், அறுபதுக்கு மசிவார்கள். அக்கா தங்கியிருந்த சொந்தக்காரர் வீட்டுத் தெருமுனையில் பெரிய ஃப்ளெக்ஸ். அரவிந்தின் சீருடைப் படத்துக்குக் கீழே 'அமெரிக்க ராணுவக் கேப்டனே வருக வருக' என்று எழுதியிருந்தது. அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாடகைக் காரில் புறப்பட்டோம். கோயில் ஒட்டன்சத்திரம் தாண்டி, திண்டுக்கல்லிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர், கார் போக வர இரண்டாயிரத்து இருநூறு. பூவை திண்டுக்கல்லிலேயே வாங்கிவிடுங்கள். டிரைவர் ஃப்ளெக்ஸைப் பார்த்திருப்பார் போல, வழியெல்லாம் "கேப்டன் சார், கேப்டன் சார்" என்று ஒரே உபசாரம். அரவிந்த் நெளிந்தான். கடைசியில் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டான். சொன்னேன்.

"நான் கேப்டன் இல்ல மாமா. கீழ இருந்து ரெண்டாவது ரேங்க். நெஞ்சுல ஒத்தப் பட்டைதான் குத்தியிருக்கும். எங்க சார்ஜென்ட்டுக்கே இருபத்தி நாலு வயசுதான்."

சொந்தபந்தத்திடம் கேப்டன் என்று சொன்னது அக்காதான். பெருமைக்குச் சொன்னாள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. கேப்டன் என்றால் உள்ளே உட்கார்ந்து உத்தரவு போடுகிறவர் என்று நம்பி, அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கியிருக்கிறாள்.

"அப்ப முன்னாடி போறது யாரு?" என்று கேட்டாள்.

"எங்கள மாதிரி ஆளுகதாம்மா."

 

கோயில் தென்னந்தோப்புக்கு நடுவில், சின்னது. முடி எடுப்பவரைப் பூசாரியே கூப்பிட்டு விடுவார். இருநூறு ரூபாய், புது பிளேடு நம் செலவு. அரவிந்த் தொப்பியைக் கழற்றியதும் பூசாரி அவன் தலையைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல எதைங்க எடுக்கறது? அங்கயே செரச்சு உட்டுட்டாங்களே."

சாஸ்திரத்துக்கு பிளேடை ஓட்டிவிடலாம் என்றும் அவரே சொன்னார். முதல் மொட்டைக்கு இதே இடத்தில் என் மடியில் உட்கார்ந்து ஊரையே கூட்டியவன், இப்போது ஆறடி ஆளாகப் பேசாமல் பலகையில் உட்காரப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்து விலக்கினாள். கொண்டையை அவிழ்த்தாள். இடுப்பு வரை முடி அவளுக்கு.

"அவன் முடிய கவர்மெண்ட்டு எடுத்துக்கிருச்சு. சாமிக்கு நான் குடுக்குறேன். ஏலே தம்பி, தண்ணிய ஊத்து."

நான் மறுத்துப் பார்த்தேன், அரவிந்த் கெஞ்சினான். அவள் அசையவில்லை. ஈரத்தலையை நான் பிடித்துக்கொள்ள, முடி என் முழங்கையில் விழுந்தது. அழுதது நானும் அவனும்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்: பதினோரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். புதுமொட்டைக்குச் சந்தனத்தோடு ஒரு துண்டும் வேண்டும். நாங்கள் மறந்து டிரைவரிடம் வாங்கினோம்.

திரும்பி வந்ததும் அக்கா வீட்டுக்குள் போகவில்லை. மொட்டைத் தலையோடு நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய், கேப்டனை எடுத்துவிட்டு 'சிப்பாய்' என்று புதிதாக அடிக்கச் சொன்னாள். எண்ணூறு ரூபாய். நாளை மறுநாள் ஊருக்குப் போகிறவனுக்கு எதற்கு இப்போது 'வருக வருக' என்று கேட்டேன்.

"இப்பக் கட்டுறதுக்கு இல்ல. சுருட்டி உன் வீட்டுப் பரண்ல வை. எலி கடிக்காமப் பாத்துக்க. அவன் திரும்பி வர்றப்ப நீதான் கட்டணும்."

பரணில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுகிறேன்.