இஸ்திரி வண்டிக்குப் பின்னால் ஒரு பாதை

படகுகளைக் கயிறு கட்டி இழுத்துப்போன பழைய கால்வாய்க் கரையில் சைக்கிள் பாதை இருப்பதாகக் கேள்விப்பட்டு, மூன்று ஞாயிறுகள் மந்தைவெளியைச் சுற்றினேன். ஒவ்வொரு முறையும் கரையோரம் துணி தேய்க்கும் அம்மாவிடம்தான் வழி கேட்டேன். பெரிய பொட்டு, விரலெல்லாம் கரி. கையிலிருக்கும் சட்டையின் காலர் முடியும்வரை நிமிரவே மாட்டார். நிமிர்ந்ததும், "அப்டி ஒண்ணும் இங்க கெடியாது நைனா" என்பார்.

நான்காம் ஞாயிறு, அவர் தள்ளுவண்டிக்குப் பின்னால் தரையில் மங்கிய சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டேன்.

"இதுதானேம்மா?"

காலர் முடிந்தது. "இதான். சொன்னா நாளைக்கே நூறு பேரு வருவீங்க. என் வண்டிய எங்க நிப்பாட்டுவேன்?"

நான் சைக்கிளைத் திருப்பினேன். ஹேண்டில்பார் நுழையும் அளவுக்கு அவரே வண்டியை நகர்த்தினார். "போ. யாராண்டயும் சொல்லாத."

மந்தைவெளி என்று மேலே எழுதியது பொய்.