ஊசி நின்ற இடம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் நானும் கணவரும் மகளுமாக மூன்று பேர் இருந்தோம். நாலாவது ஆள் அவருடைய ரெக்கார்டு பிளேயர். வீட்டில் அதற்குத்தான் மரியாதை அதிகம். ஊசி துள்ளாமல் இருக்க அதன் தலையில் ஒரு பத்து காசை ஒட்டி வைத்திருந்தார். என் கை முரட்டுக் கையாம், ஊசிப் பக்கமே விடமாட்டார். அந்த வீட்டின் ஒரே சட்டம், முதலில் ஊசியைத் தூக்க வேண்டும், பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போட்டுவிட்டு மூன்று தடவை கூப்பிட்டேன். வரவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நேரே போய்ச் சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்தேன். பாட்டு பாதிச் சொல்லில் இழுத்துக்கொண்டே நின்றது.

"ஊசிய தூக்காம ஆஃப் பண்ணாதேன்னு எத்தனை தடவ சொல்றது?" என்றார். கோபம்கூட இல்லை, அலுப்பு. "சரி, சாப்ட்டு வந்து தூக்கிக்கிறேன்."

அவர் திரும்பி வரவில்லை. ரசச் சோற்றில் கை வைத்தவர் அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டார்.

காரியத்துக்குக் கிள்ளானிலிருந்து வந்த நாத்தனார், சாவு வீட்டில் ஒரு வருஷம் பாட்டு கூடாது என்று பிளேயர்மேல் அவருடைய வெள்ளை வேட்டியைப் போர்த்திவிட்டார். ஊசி இசைத்தட்டின்மேலேயே இருப்பது எனக்குத் தெரியும். போகும்போதும் வரும்போதும் அந்த வேட்டியைப் பார்ப்பேன். உள்ளே ஒரு பாட்டு பாதியில் காத்திருக்கிறது என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

வருஷத் திதி முடிந்த மறுநாள் வேட்டியை எடுத்துச் சுவிட்சைப் போட்டேன். விட்ட சொல்லின் மிச்சம் தரையிலிருந்து எழுந்து வருவதுபோல் மெல்ல வந்தது. அடுத்த சுற்றில் ஒரு 'டொக்'. அதற்கடுத்த சுற்றிலும் 'டொக்'. கோபம் வந்தால் மோதிர விரலால் மேசையைத் தட்டுவாரே, அச்சு அசல் அதே சத்தம். உடனே அணைத்துவிட்டேன். பயத்தில் அப்போதும் ஊசியைத் தூக்கவில்லை.

அதற்குப் பிறகு மற்ற தட்டுகளை மகள் போடுவாள். அந்தத் தட்டை நான் மட்டும், வீட்டில் யாரும் இல்லாதபோது போடுவேன். டொக் வரும்வரைதான் கேட்பேன்.

மகள் வேலைக்குச் சேர்ந்த பிறகு, சத்தம் மங்கிவிட்டது, ஊசியை மாற்றலாம் என்று கிள்ளானில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். கடைக்காரர் ஊசியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு வருஷம் காசுப் பாரத்தோடு கிடந்ததில் உள்ளே ரப்பர் அமுங்கிவிட்டதாம். ஊசியோடு அதைத் தாங்கும் கையையும் மாற்றச் சொன்னார்.

"ஒரு தட்டுல டொக், டொக்னு கேக்குது, அது போயிருமா தம்பி?"

"புது ஊசி வேற ஆழத்துல ஓடும் ஆன்ட்டி. அனேகமா கேக்காது லா."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மகளுக்கு எரிச்சல். டொக் போய்விட்டால் அவரும் போய்விடுவார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இரண்டு மாதம் இழுத்தடித்தேன். ஆனால் கடைக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பழைய ஊசி ஓட ஓட எல்லாத் தட்டுகளையும் அரித்துவிடும். அலமாரியில் அவர் தூசி படாமல் காத்த தட்டுகள் நிற்கின்றன. ஒரு சத்தத்தைக் காப்பாற்றப் போய் அத்தனையையும் நானே கெடுப்பதா? இரண்டாவது தடவை அவர் மன்னிக்கமாட்டார் என்று தோன்றியது. மாற்றச் சொன்னேன்.

புது ஊசி வந்த ஞாயிறன்று மகள் வெளியே போயிருந்தாள். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அந்தத் தட்டைப் போட்டேன். அவர் முரட்டுக் கை என்று சொன்ன கையாலேயே புது ஊசியை மெல்ல வைத்தேன்.

டொக் போகவில்லை. நல்ல ஊசி அல்லவா, முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. அவருடைய விரல் மாதிரியே இல்லை. ஒரு வருஷம் ஊசி அழுத்திக் கிடந்ததில் தட்டில் விழுந்த ஒரு குழி, அவ்வளவுதான். அதைப் போட்டது நான். இத்தனை வருஷம் அதை அவர் தலையில் கட்டி, அவர் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழுதேன்.

டொக் நாலைந்து சுற்றில் தேய்ந்து நின்றது. பாட்டு மேலே போனது. அவர் போன பிறகு அதற்குமேல் நான் கேட்டதே இல்லை. மேசையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். பிறகு முதலில் ஊசியைத் தூக்கினேன். அப்புறம்தான் சுவிட்சை அணைத்தேன்.