குளக்கரை வெள்ளிக்கிழமை

என் கணவருக்குக் காட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அங்கே மரங்கள் இருக்கும் என்பதுதான். துணிக்கடையில் வேலை. எங்கள் ஊர் காஜா பேராங்கில் தெருமுனைச் சேற்றைக்கூடச் செருப்பு நனையாமல் தாண்டுகிறவர். அப்படிப்பட்டவர்தான், சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள் என்று கேட்டதும், "ஊருக்கு வெளிய ஆயர் குரோ குளத்தோரம் காட்டுல கூடாரம் போட்டு இருந்துக்கலாம்" என்று கிளம்பினார்.

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஊரே கிழங்கு தின்னுக்கிட்டு இருக்கு, நீங்க குடும்பத்தோட உல்லாசப் பயணமா? போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க!"

நான், கணவர், விதவையான அவருடைய அக்கா, மூன்று பேர். அந்த அக்காவை நான் அண்ணி என்பேன். கணவர் எடுத்துவந்தவை: ஒரு கித்தான், சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, தேய்த்து மடித்த சட்டைகள். அவர் கட்டிய கூடாரம் முதல் மழையிலேயே எங்கள் தலையில் உட்கார்ந்தது. குளத்தில் இறங்கி நின்றிருந்தால்கூட அவ்வளவு நனைந்திருக்க மாட்டோம்.

புகை தெரிந்தால் ஆபத்து என்று காய்ந்த சுள்ளியில்தான் மரவள்ளிக்கிழங்கு அவிப்போம். அதற்கும் அவர் துண்டை வீசி, ஈ விரட்டுவதுபோலப் புகையை விரட்டிக்கொண்டே நிற்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் சாலையில் லாரிச் சத்தம் கேட்டால் அடுப்பில் மண்ணைப் போட்டு அணைப்பேன். மண்வெட்டி பிடித்தறியாத கை அவருடையது. சயாமுக்குப் போனால் திரும்ப மாட்டார் என்று பயந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணி சேலைக் கிழிசல் ஒன்றில் மஞ்சள் பூசிப் பெரிய மரத்தில் கட்டினார். அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். அதுதான் மாரியம்மன். பிறகு மடியிலிருந்து சாம்பிராணியை எடுத்தார்.

"அக்கா, வேணாம்! புகையைப் பார்த்தா என்னைப் புடிச்சிட்டுப் போயிருவாங்க!"

"வீடு மாறினா வெள்ளிக்கிழமை இல்லாமப் போயிடுமா? சும்மா இருடா தம்பி."

சாம்பிராணி நன்றாகவே புகைந்தது. துண்டு வீசியும் பயனில்லை. சற்று நேரத்தில் புதருக்கு அப்பால் பேச்சுக் குரல். கூடாரத்தைச் சரித்துவிட்டு ஆளுயர லாலாங் புல்லுக்குள் குப்புற விழுந்தோம். வழிகாட்டி வந்த மலாய்க்காரர் ஒருவர், பின்னால் இரண்டு சிப்பாய்கள்.

மலாய்க்காரர் மூக்கை உறிஞ்சினார். மஞ்சள் துணியைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். "கெராமாட், துவான்" என்றார் சிப்பாய்களிடம் மெதுவாக. யாரோ ஒரு மகான் அடங்கிய இடம், மேலே போகக்கூடாது என்று கைகாட்டிப் புரியவைத்தார். அவர்கள் சமாதிகளிலும் மஞ்சள் துணியும் சாம்பிராணியும் உண்டு. ஒரு சிப்பாய் தொப்பியைக் கழற்றி, எங்கள் எலுமிச்சம்பழத்துக்குக் குனிந்து வணங்கினான். மூவரும் வந்த வழியே திரும்பினார்கள். காலடிச் சத்தம் ஓய்ந்தபிறகும் கணவர் என் கையை விடவில்லை. நானும் விடவில்லை.

அடுத்த வாரம் மரத்தடியில் வாழையிலை போட்டு, யாரோ புளுட் என்கிற ஒட்டரிசியில் ஆக்கிய மஞ்சள் சோறும் அவித்த முட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அரிசியைக் கண்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. மகானுக்குப் பதிலாக நாங்கள் சாப்பிட்டோம். அதற்கப்புறம் வியாழக்கிழமை ஆனாலே, "அக்கா, சாம்பிராணி மிச்சம் இருக்கா?" என்று விசாரிப்பது என் கணவர்தான்.

ஆள் பிடிப்பது ஓய்ந்தபின் வீடு திரும்பினோம். எங்களைப் பார்த்துச் சிரித்த பக்கத்து வீட்டுக்காரரை லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். ஜப்பான்காரன் போனபிறகும் அவர் வரவில்லை.

அந்த இடத்தைத் தேடிப்பிடித்தது தன் சாமர்த்தியம் என்று என் கணவர் பல வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி மறுத்ததே இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சாம்பிராணி காட்டியதும், சாம்பிராணித் தட்டை என் கணவரே எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கும் போவார். அந்த வீட்டம்மா கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். அங்கே மட்டும் அவர் அந்தக் கதையைச் சொன்னதில்லை.