வளைவில் கிடந்த நீலச் சட்டை

பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியதில் ஒரு கோழிமேல்கூட ஏற்றியதில்லை அவர். அப்படிப்பட்ட மனிதர் ஓட்டிய பஸ்ஸின் பின் சக்கரத்துக்கு அடியில்தான் ஒரு நாள் காலை, தண்ணீர்த் தொட்டி வளைவில், 'தடக்' என்றது.

இறங்கிப் பார்த்தார். வெறும் ரோடு. மறுநாளும் அதே வளைவு, அதே 'தடக்'. வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும், எதன் மேலோ மெத்தென்று ஏறி இறங்கியது முதுகுத்தண்டு வரை தெரிந்தது. பிறகு தினமும் அதேதான். பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஓடுவார், பார்ப்பார், திரும்புவார். வந்து உட்கார்ந்ததும், சரியாகப் பார்த்தோமா என்று மனசு ஆரம்பிக்கும். அடிபட்ட ஆள் புதருக்குள் உருண்டிருந்தால்? கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, தொலைச்சது என்னன்னு சொன்னா நாங்களும் தேடுவோம்ல."

அந்தக் கிண்டல் ஒரு மழை நாளில் நின்றது. ஓடிய அவசரத்தில் ஹேண்ட் பிரேக் போட மறந்துவிட்டார். முப்பது பேரோடு பஸ் சரிவில் பின்னால் நகர்ந்தது. கண்டக்டர் பாய்ந்து பிரேக்கை இழுத்தபோது, பின்னால் ஸ்கூட்டரில் நின்ற பெண்ணுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. இல்லாத பிணத்தைத் தேடிப் போனவர், நிஜமாகவே ஒன்றை உண்டாக்கியிருப்பார்.

"ரெண்டு மாசம் ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. சரியாகலைன்னா ஒர்க்‌ஷாப் வேலைதான்" என்றார் டிப்போ மேனேஜர். ஸ்டியரிங் போனால் தன்னிடம் வேறென்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"நீங்க பைத்தியம் இல்லைங்க, பயந்து போயிருக்கீங்க. வாங்க, நானும் வரேன்" என்று மனைவிதான் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனாள்.

வளைவில் ஒன்றுமில்லை என்று ஆலோசகர் அம்மா ஒரு வார்த்தை சொல்வார் என்றுதான் அவர் போனார். சொல்லவே இல்லை. கண்ணை மூடி அந்த வளைவை நினைக்கச் சொன்னார்.

"அங்க கிடக்கிறது யாரு?"

"தெரியாது மேடம். பார்த்ததில்லை."

"இப்பப் பாருங்க. ஓடி வந்துடாதீங்க, அங்கேயே நில்லுங்க."

முதல் வாரம் ஒரு நீலச் சட்டை தெரிந்தது. அடுத்த வாரம் ஈரமான ஒரு கை. மூன்றாம் வாரம் அது குப்புறக் கிடந்தபடியே மூச்சு விட்டது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வைத்து, போனில் பதிந்து, தினமும் வீட்டில் போட்டுக் கேட்கச் சொன்னார் அந்த அம்மா. ஆறாம் வாரம், சட்டை வருகிற இடத்தில் அவருக்குக் கொட்டாவி வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"சத்தம் முழுசா போயிடுமா மேடம்?"

"வந்தா வரட்டும். திரும்பிப் போய்ப் பார்க்காதீங்க. பயம் ஏறும், அப்புறம் தானா இறங்கும்."

இரண்டு மாதம் முடிந்து, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சோதனை ஓட்டம். வளைவில் 'தடக்' என்றது. கால் பிரேக்கைத் தேடியது. கண்ணாடியில் வெறும் ரோடு. ஆனால் அவர் மனக்கண்ணில் நீலச் சட்டை மெல்ல எழுந்து உட்கார்ந்து, போகிற பஸ்ஸையே பார்த்தது. விட்டுட்டுப் போறியே என்று கேட்கிற மாதிரி இருந்தது. அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினார். மூன்று நிறுத்தம் தாண்டித்தான் நெஞ்சு அடங்கியது.

"நாளைக்கு முதல் டிரிப் உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"டீ சாப்பிட வாங்கண்ணே" என்று கண்டக்டர் கூப்பிட்டார். டீக்கடைக்குப் போக, பஸ்ஸின் பின் சக்கரத்தைத் தாண்ட வேண்டும். அவர் குனிந்து பார்க்காமல் போனார்.