பால்மா டின்னுக்குள் ஒளித்த குளிசைகள்

சென்ற வருடம், மாரிமழை ஓய்ந்த தை மாதத்தில், மட்டக்களப்பில் ஓர் ஆஸ்பத்திரி கிளினிக்கில் நடந்தது இது. எனக்குப் பெருங்குடலில் அழற்சி நோய். மகள் பிறந்து ஒரு வருடத்தில் கண்டுபிடித்தார்கள். வயிறு அடங்கியிருக்கும் மாதங்களும் உண்டு, நாளுக்குப் பத்துத் தடவை ஓட வைக்கும் மாதங்களும் உண்டு. அப்படி ஒரு கெட்ட காலத்தில் இரத்தம் மிகவும் குறைந்துபோய், இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்திருந்தார் டொக்டர்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. நாவற்குடாவில் எங்கள் வீட்டிலிருந்து அவளுடைய பாலர் பாடசாலை கூப்பிடு தூரம்தான். அவளைத் தூக்கிக்கொண்டு பாதித் தூரம் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். யாருடைய மதிலிலாவது சாய்ந்து நிற்பேன். "இறக்கி விடுங்கம்மா, நான் உங்களத் தூக்குறன்" என்பாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.

குளிசை தொடங்கிய மூன்றாம் நாள் வயிற்றைப் பிரட்டியது. மலம் கறுப்பாகப் போனது. கைப்பேசியில் தேடினேன். ஓர் இடத்தில், குளிசையால் அப்படித்தான் போகும், பயம் வேண்டாம் என்று இருந்தது. இன்னோர் இடத்தில், உள்ளே இரத்தம் கசிவதாகவும் இருக்கலாம் என்று இருந்தது. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் நம்புவேன். வலி நோயாலா குளிசையாலா என்று பிரித்தறியவும் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. காரணம் என் கணவர். குளிசையோடு தேசிக்காய்ச் சாறு குடித்தால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு காயைப் பிழிந்து, விதை விழாமல் வடித்து, பக்கத்தில் குளிசையையும் வைத்துவிட்டுத்தான் போவார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சாற்றைக் குடிப்பேன். குளிசையை மகளின் பழைய பால்மா டின்னுக்குள் போட்டு அலுமாரிக்கு மேல் வைப்பேன். இப்படியே இரண்டு மாதம்.

கிளினிக் நாளில் கணவர் இரத்த ரிப்போர்ட் எடுக்கப் போயிருந்தார். காத்திருப்போருக்கான வாங்கில் என் பக்கத்தில் வவுணதீவிலிருந்து வந்த ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவளுக்கும் இதே நோய்.

"அந்த இரும்புக் குளிசை உங்களுக்கு ஒத்து வருதா அக்கா? நான் போடுறல்ல. போட்டா வயித்துக்குள்ள திருவிழாதான்."

"டொக்டரிட்ட என்ன சொல்லுவீங்க?" என்றேன்.

"போடல்ல எண்டுதான். போட்டன் எண்டு பொய் சொன்னா, அவர் அந்தப் பொய்க்குத்தானே மருந்து எழுதுவார்!"

அவள் முதலில் உள்ளே போய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். "ஏச்சு விழல்ல அக்கா. நரம்பால சேலன் ஏத்துற மாதிரி இரும்பை ஏத்துவாங்களாம்."

இதையெல்லாம் கேட்ட பிறகும், என் முறை வந்து, ரிப்போர்ட்டோடு திரும்பிய கணவரும் நானும் உள்ளே போனதும், "குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று டொக்டர் கேட்டபோது, "ஓம் டொக்டர்" என்றுதான் சொன்னேன். "தேசிக்காய்த் தண்ணியோட நானே குடுக்கிறன்" என்று கணவர் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

டொக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தரம் பார்த்தார். "அப்படியும் இரத்தம் இன்னும் குறைஞ்சிருக்கு. உள்ள எங்கயோ கசியுது போல. திரும்பக் குடலுக்குள்ள கமரா விட்டுப் பார்க்கோணும். மற்ற மருந்தையும் கூட்ட வேண்டி வரும்."

கணவரின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. சில்லென்றிருந்தது.

வெளியே வந்ததும் அவர் கமராவுக்குத் திகதி எடுக்க நடந்தார். அந்தப் பெண் இன்னும் அங்கேதான் நின்றாள். "என்ன அக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள். சொல்லிவிட்டேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டாள்: "அண்ணன்! கொஞ்சம் நில்லுங்க! அக்கா உங்களிட்ட என்னமோ சொல்லணுமாம்!"

தப்ப வழியில்லை. டின்னைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப ரெண்டு மாசமா நீ வெறும் தேசிக்காய்த் தண்ணியா குடிச்சாய்?"

"ஓம்."

"அதான் முகமும் புளிச்சுப் போய்க் கிடந்திச்சு" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்குப் பயந்தா ஒளிச்சாய்?"

"இல்ல. உங்கட மனம் நோகும் எண்டு."

இருவருமாகத் திரும்பப் போய்க் கதவைத் தட்டினோம். டொக்டர் ஏசவில்லை. "குடல் அழற்சியா இருக்கிற நேரம் குளிசை கன பேருக்கு ஒத்து வாறல்ல. உடம்பிலயும் சரியாச் சேராது. அதுக்குத்தான் நரம்பால ஏத்துறது. முதல்ல மலத்தைச் சோதிப்பம், கமரா அவசரமில்ல. இனி வந்தா ஓம் எண்டு சொல்லாம, நடந்ததைச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த கிழமை வார்டில் ஏற்றினார்கள். பால் விடாத பிளேன்டீ நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒவ்வாமை வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றதால், கை கடிக்கிறது என்று நேர்ஸைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர், கையிலிருந்து பறந்த பூச்சியைக் காட்டி, "அது நுளம்பு" என்றார். வாசலில் மகளோடு நின்ற கணவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு, எந்த மதிலிலும் சாயாமல் மகளைப் பாலர் பாடசாலை வரை தூக்கிப் போனேன்.

யாரையும் வருத்தப்படுத்தாமல் இருப்பதுதான் நல்ல நோயாளிக்கும் நல்ல மனைவிக்கும் அழகு என்று நினைத்திருந்தவள் நான். இப்போதும் கிளினிக்கில் "எல்லாம் சரி டொக்டர்" என்பதுதான் முதலில் வாய்க்கு வருகிறது. அதை அடக்கிக்கொண்டு உள்ளதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் என்னை முந்திக்கொண்டு பேசாமல் பக்கத்தில் காத்திருக்க என் கணவரும் பழகிக்கொண்டிருக்கிறார்.